திரையில் தெரிந்த முகம், கடல் தாண்டும் சரக்கு: செட்டிநாட்டிலிருந்து தொழில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சமையல் நிகழ்ச்சி நடத்தியவர், பட்டிமன்ற மேடையில் பேசியவர், நெடுந்தொடரில் மாமியாராக வந்தவர் என்று யாராவது அவ்வப்போது காரைக்குடிக்கு வந்து இறங்குகிறார்கள். "செட்டிநாட்டுப் பொருளை மேல்நாட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன்" என்கிறார்கள். நான் இங்கே சிறு ஏற்றுமதியாளர்களுக்குக் கணக்கும் விண்ணப்பங்களும் எழுதிக்கொடுப்பவன். இவர்கள் வைக்கும் காலடிகளில் எது நிலைக்கிறது, எது வழுக்குகிறது என்று பக்கத்திலிருந்து பார்க்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவருக்கு, வரிசையாக என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதிவைக்கிறேன். தொலைக்காட்சியில் முகம் காட்டாதவருக்கும் இதில் பாதிக்கு மேல் பயன்படும்.

முதல் படி: உங்கள் முகம் எந்தக் கரையில் தெரிகிறது என்று பாருங்கள்

புகழ் ஒளிபரப்பு எட்டும் தூரம் வரைதான் எட்டும். இதை மறந்துவிட்டு லண்டனிலும் சிகாகோவிலும் கடை போடுவதைப் பற்றிப் பேசுவதில்தான் பலரின் முதல் பணம் கரைகிறது.

கிழக்கையும் மேற்கையும் இணைத்தவர் என்று உலகம் கொண்டாடுகிற யூ-சாய் கானை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் குயிலினில் பிறந்து, ஹாங்காங்கில் வளர்ந்து, அமெரிக்காவில் குடியேறியவர். 1986இல் சீன அரசுத் தொலைக்காட்சியில் உலக நாடுகளைச் சுற்றிக் காட்டும் தொடரைத் தொகுத்து வழங்கினார். வெளியுலகம் எப்படி இருக்கும் என்று அறிய ஏங்கிக்கொண்டிருந்த சீன வீடுகளுக்குள் அந்த முகம் நுழைந்தது. 1992இல் தன் பெயரிலேயே அழகுசாதன நிறுவனம் தொடங்கினார். மேல்நாட்டு உதட்டுச்சாயங்கள் மேல்நாட்டுத் தோலுக்காகச் செய்யப்பட்டவை. சீனப் பெண்களின் நிறத்துக்கு ஏற்ற சாயங்களை அவர் கொண்டுவந்தார். 2004இல் அந்தப் பெயரை பிரான்சின் லோரியல் நிறுவனம் வாங்கியது.

இந்தக் கதையை எல்லோரும் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்குக் கண்ணில் படுவது அவர் கடை போட்ட இடம். வீடு நியூயார்க்கில் இருந்தாலும் கடையை முகம் தெரிந்த சீனாவில்தான் போட்டார். கென் ஹாமும் அப்படியே. அமெரிக்காவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர். 1984இல் பிபிசியில் சீனச் சமையல் கற்றுக்கொடுத்தார். 1986இல் தன் பெயர் பொறித்த சீன வாணலியை அதே பிரிட்டனில் விற்கத் தொடங்கினார். 1993இல் இந்தித் தொலைக்காட்சியில் சமைக்கத் தொடங்கிய சஞ்சீவ் கபூர், 2009இல் வொண்டர்செஃப் என்ற பாத்திர நிறுவனத்தை இந்திய அடுப்படிகளை நம்பித்தான் தொடங்கினார்.

உங்கள் முகம் எங்கே தெரியும்? தமிழ்ச் சேனல் ஓடுகிற வீடுகளில். அந்த வீடுகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் டொராண்டோவிலும் நியூஜெர்சியிலும் இருக்கின்றன. ஆகவே உங்கள் முதல் சந்தை அந்தத் தமிழ் வீடு. இரண்டாம் சந்தைதான் அதற்கு அடுத்த வீட்டு வெள்ளைக்காரர். முதல் வீட்டில் முகம் விற்கும். அடுத்த வீட்டில் முகத்துக்கு வேலை இல்லை. பொருள் தானாகப் போய்ப் பேச வேண்டும். இரண்டுக்கும் ஒரே விளம்பரம், ஒரே பொட்டலம், ஒரே விலை என்று வைத்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

செய்ய வேண்டியது எளிது. யூடியூப் பக்கம் இருந்தால் பார்வையாளர் எந்தெந்த நாட்டிலிருந்து வருகிறார் என்பதை அதுவே பட்டியலிட்டுக் காட்டும். அதில் முதல் இரண்டு வெளிநாடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுக்கு அவை போதும்.

இரண்டாம் படி: சேனலோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. நிகழ்ச்சியின் பெயர், அதில் நீங்கள் சொல்லிச் சொல்லிப் பிரபலமான முத்திரைச் சொல், படத்துணுக்குகள் எல்லாம் பெரும்பாலும் சேனலுக்கோ தயாரிப்பாளருக்கோ சொந்தம். அதைப் பொட்டலத்தில் அச்சிட உங்களுக்கு உரிமை இருக்காது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் இத்தனை மாதம் போட்டித் தொழிலில் இறங்கக்கூடாது என்ற வரி உள்ளே இருக்கக்கூடும். வக்கீல் ஒருவரிடம் அரை நாள் உட்காருங்கள். எழுத்தில் அனுமதி வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் அந்தச் சொல்லை மறந்துவிட்டுப் புதுச் சொல் தேடுங்கள்.

மூன்றாம் படி: ஒரே ஒரு பொருள்

செட்டிநாடு என்றவுடன் கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடித் தரைக்கல், கொட்டான் என்னும் பனையோலைக் கூடை, பலகாரம், மசாலா, பழைய மரச்சாமான் என்று கண்முன் கடைவீதியே விரியும். ஆறையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஆறு வகைச் சட்டம், ஆறு வகைப் பெட்டி, ஆறு வகைப் பணமுடக்கம். ஒன்றை எடுங்கள்.

எதை எடுப்பது என்பதில் என் கணிப்பு இது. வாங்குபவரின் வீட்டில் ஏற்கெனவே அந்தப் பொருளுக்கு இடம் இருக்க வேண்டும். பணியாரத்தையே பாருங்கள். குழிப்பணியாரக் கல்லை மேல்நாட்டவருக்கு எப்படி விளக்குவது என்று மலைப்பவர்களுக்குத் தெரியாத செய்தி: டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் காலத்தில் ஏப்ல்ஸ்கீவர் என்று உருண்டைப் பலகாரம் சுடுவார்கள். அதற்கான குழிக்கல் நம் பணியாரக் கல்லின் உடன்பிறப்பு போலவே இருக்கும். நெதர்லாந்தில் பொஃபர்ட்ஜெஸ் என்ற குட்டிப் பலகாரத்துக்கும் குழிக்கல் உண்டு. டென்மார்க்கிலிருந்து குடியேறியவர்கள் அந்தக் கல்லை அமெரிக்காவுக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆகக் கல் அங்கே இருக்கிறது. நம் மாவுதான் இல்லை. வெள்ளைப் பணியாரத்துக்கான பச்சரிசி உளுந்து உலர் கலவையோ, கருப்பட்டிப் பணியாரக் கலவையோ சின்னப் பொட்டலத்தில் போய், "உங்கள் வீட்டுக் குழிக்கல்லை ஜூலையிலும் எடுங்கள்" என்று சொன்னால் பேச்சு தொடங்கிவிடும். கல்லையே விற்பதானால் அடிப்பக்கம் தட்டையாக இருக்கட்டும். அங்கே பல அடுப்படிகளில் மேற்பரப்பு கண்ணாடி. உருண்டை அடி அதில் நிற்காது. கென் ஹாமின் வாணலி பிரிட்டிஷ் அடுப்படியில் குடியேறியதற்கும் அதன் தட்டையான அடி ஒரு காரணம்.

கவுணி அரிசியும் அப்படித்தான். நம்மவர்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லும் இந்தக் கறுப்பரிசியின் உறவினங்கள் அமெரிக்கக் கடைத்தட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. அங்கே அதைச் சோறாகத்தான் தின்கிறார்கள். தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறி இனிப்பாகத் தின்பது நாம். அந்தச் செய்முறையே உங்கள் விற்பனைப் பேச்சு. கேமரா முன் நின்று பழகியவருக்கு அது கை வந்த வேலை.

ஆத்தங்குடிக் கல் அழகு. ஆனால் முதல் தொழிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆத்தங்குடியில் பட்டறைக்குப் போய் நின்று பாருங்கள். கண்ணாடிப் பலகையின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை நேராக மேலே தூக்கினால் நிறங்கள் கலக்காமல் நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டி, காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். அந்த மினுமினுப்பு மெருகினால் வந்ததில்லை, கண்ணாடி கொடுத்தது. சூளையில் வேகாத கல் என்பதால் கனம் அதிகம், முனை உடையும், பனி உறையும் நாட்டில் வாசலுக்கு வெளியே பதித்தால் விரிசல் விடும். கட்டடக் கலைஞர் ஒருவர் முழு வீட்டுக்கும் கேட்டு முன்பணம் தந்தால் செய்யுங்கள். இருபது கல்லைக் கூரியரில் அனுப்பும் வியாபாரம் வேண்டாம்.

கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டம் போட்ட பருத்தி, அகலக் கரை, அரக்கும் கடுகு மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும் நிறம். வெளிநாட்டுத் தமிழ்ப் பெண்களுக்குச் சேலையாகவே விற்கலாம். மற்றவர்களுக்காக மேசை விரிப்பும் மெத்தை உறையும் தைக்க வேண்டுமென்றால், நெய்த சேலையை வெட்டாதீர்கள். அந்த அளவுக்கே நெய்து தரச் சொல்லி நெசவாளரிடம் தனியாகப் பேசுங்கள். கத்தரி போடுவதைப் பார்க்கிற நெசவாளர் அடுத்த முறை உங்களுக்கு நல்ல பாவு ஓட்டமாட்டார். பனையோலைக் கொட்டானுக்கும் புவிசார் குறியீடு உண்டு. யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரையும் அதற்குக் கிடைத்திருக்கிறது. எடை இல்லாத பொருள், பார்சலுக்கு உகந்தது. புவிசார் குறியீட்டை உங்கள் பொட்டலத்தில் போட, சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிய வேண்டும். சும்மா அச்சிட்டுக்கொள்ள முடியாது.

பழைய மரச்சாமான்களைத் தொடவே வேண்டாம். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் வேடிக்கை பாருங்கள், ஒரு பித்தளைக் கூஜா வாங்கிக்கொள்ளுங்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சட்டம் இடம் தரவில்லை.

நான்காம் படி: கைப்பதத்தை எடைக்குக் கொண்டுவாருங்கள்

பலகாரமோ மசாலாவோ என்று முடிவாகிவிட்டால், அடுத்த வேலை செய்யத் தெரிந்த ஆச்சியைப் பிடிப்பது. உங்கள் நிகழ்ச்சியில் நீங்களே எல்லாம் செய்தது போலக் காட்டியிருக்கலாம். இங்கே அது செல்லாது. சீப்புச் சீடையைத் தினமும் ஒரே பதத்தில் பொரிக்கிற கை உங்களுடையதாக இருக்க வாய்ப்பில்லை.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டின் இரண்டாங்கட்டில் இப்படி ஒரு பேச்சு நடந்தது. கேட்டவர் திரையில் பெயர் வாங்கிய பெண்.

"தேங்காய்ப்பால் எவ்வளவு ஊற்ற வேண்டும், ஆச்சி?"

"மாவு கேட்கிற அளவு ஊற்ற வேண்டும்."

"எத்தனை டம்ளர் என்று சொன்னால் எழுதிக்கொள்வேன்."

"அரிசி பழசாக இருந்தால் கூடக் கேட்கும் ஆத்தா. புதுசு என்றால் குறைச்சல். டம்ளரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

ஆச்சி சொன்னது முழு உண்மை. அதை வைத்துக்கொண்டு நானூறு பொட்டலம் போட முடியாது என்பதும் உண்மை. வழி என்னவென்றால், ஆச்சியை அளக்கச் சொல்லாதீர்கள். அவர் தன் போக்கில் செய்யட்டும். நீங்கள் எடைத்தராசை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்திரத்தையும் அவர் கைவைப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்துக் குறியுங்கள். மாவு, வறுத்த பருப்பு மாவு, தேங்காய்ப்பால், உப்பு, எண்ணெய் எல்லாம் கிராமில். அச்சில் பிழிந்த வரிப்பட்டையை அவர் எந்த நீளத்துக்கு நறுக்கி விரலில் சுற்றி ஒட்டுகிறார் என்பதை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். நீளம் கூடினால் உள்ளே வேகாது, வேகாத ஈரத்தில்தான் ஊசல் தொடங்கும். எண்ணெயின் சூட்டுக்கு ஒரு வெப்பமானி. நாலைந்து முறை இப்படிப் பிடித்தால் வித்தியாசம் எந்த எல்லைக்குள் ஆடுகிறது என்று தெரியும். அந்த எல்லையே உங்கள் செய்முறை. அரிசியை ஒரே வகை, ஒரே வயது என்று கட்டிப்போட்டால் எல்லை இன்னும் சுருங்கும்.

ஆச்சிக்குத் தினக்கூலி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். செய்முறை அவருடையது. விற்பனையில் பங்கோ, ஆண்டுக்கு ஒரு தொகையோ எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். நகரத்தார் கடைகளில் லாபத்திலிருந்து மகமை என்று தர்மத்துக்காகத் தனியே எடுத்துவைக்கும் பழக்கம் இருந்தது. உங்கள் பேரேட்டில் அப்படியொரு பக்கம் முதல் நாளிலிருந்தே இருந்தால் பிறகு மனக்கசப்பு வராது.

பொட்டலம் போட்ட பின், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதை ஊகிக்கக் கூடாது. தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி ஈரப்பதம், எண்ணெய் ஊசல், நுண்ணுயிர் மூன்றுக்கும் அறிக்கை வாங்குங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த பலகாரம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். நைட்ரஜன் நிரப்பிய உறை அதற்குப் பெரிய உதவி.

ஐந்தாம் படி: பெயர்

உங்கள் முகத்தையே பெயராக வைக்கும் ஆசை வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கடை வைத்த நகரத்தார், முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை அடுக்கி விலாசம் என்று வைத்துக்கொண்டார்கள். முதலாளி ஊரிலிருந்தார், கடையை மூன்றாண்டுத் தவணையில் போன ஏஜெண்டு நடத்தினார், தவணை முடிந்து ஆள் மாறினாலும் விலாசம் மாறவில்லை. யாருடைய முகத்தையும் பார்க்காமலே பணம் புரண்டது. உங்கள் நிகழ்ச்சி என்றாவது நிற்கும். அன்றும் பொட்டலம் விற்க வேண்டுமே.

செட்டிநாடு என்ற ஊர்ப்பெயரை மட்டும் தனியுரிமையாக்க நினைக்காதீர்கள். இடப்பெயரை அப்படி யாருக்கும் எளிதில் தரமாட்டார்கள். அதோடு சேர்த்து உங்களுக்கே உரிய சொல் ஒன்று வேண்டும். இணையவழி வணிகக்குறி விண்ணப்பத்துக்குத் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம். 2013இல் இந்தியா வணிகக்குறிகளுக்கான பன்னாட்டு மாட்ரிட் ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டதால், அந்த ஒரே விண்ணப்பத்தை அடிப்படையாக வைத்துப் பல நாடுகளுக்கும் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். அங்கே வாயில் நுழைகிற பெயராக இருக்கட்டும்; ழகரம் வேண்டாமே.

ஆறாம் படி: தாள்கள்

இதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. வரிசை தவறினால் மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் சொல்கிறேன். முதலில் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு. இது இலவசம், காசு கேட்கிற இணையதளங்களை மூடிவிடுங்கள். அடுத்து வங்கியில் நடப்புக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு. பிறகு வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் தளத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். கட்டணம் 500 ரூபாய், ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் விவரத்தைப் புதுப்பித்து உறுதிசெய்ய வேண்டும், விட்டால் எண் செயலிழக்கும். ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் அனுப்ப ஒவ்வொரு நிதியாண்டும் ஜிஎஸ்டி தளத்தில் உறுதிமொழிக் கடிதம் பதிவேற்ற வேண்டும். அந்நியச் செலாவணி கையாள அனுமதி பெற்ற உங்கள் வங்கிக் கிளையின் எண்ணான ஏடி குறியீட்டைச் சுங்கத்தில் பதியச் சொல்லுங்கள். உணவு என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மத்திய உரிமம்; மசாலா என்றால் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்றுமதியாளர் பதிவும் சேர்த்து.

சரக்கை வகைப்படுத்த உலக நாடுகள் பொதுவாக வைத்திருக்கும் எண்ணான எச்எஸ் குறியீட்டை முன்னமே தெரிந்துகொள்ளுங்கள். மசாலா 09ஆம் அத்தியாயம், கொட்டான் 46, சிமெண்டுக் கல் 68. வாங்கும் நாட்டில் எவ்வளவு வரி என்பதை இந்த எண்தான் முடிவுசெய்கிறது. மாதிரிச் சரக்கும் சின்ன ஆர்டரும் அனுப்ப அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையங்கள் இருக்கின்றன. கூரியரை விடச் செலவு குறைவு, படிவம் நிரப்பவும் உதவுவார்கள்.

ஏழாம் படி: எல்லையில் நிற்காத லேபிள்

நம் ஊர்ச் சமையல் நல்லெண்ணெயில் நிற்கிறது. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருள்; பொட்டலத்தில் தெளிவாக எழுதியாக வேண்டும். ஐரோப்பாவில் பதினான்கு பொருள்களின் பட்டியல். எள்ளோடு கடுகும் அதில் இருக்கிறது. ஆக நம் தொக்கில் தாளிப்புச் சாமானே இரண்டு எச்சரிக்கை வாங்கித் தருகிறது. நிலக்கடலை எண்ணெயில் பொரித்தால் நிலக்கடலையையும் கவனிக்க வேண்டும். "இயற்கைப் பொருள்கள்" என்று பொதுவாக எழுதித் தப்பிக்க முடியாது.

கனடாவுக்கு என்றால் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் கட்டாயம். டொராண்டோவில் தமிழர் கடைகளுக்கு மட்டும்தான் போகிறது என்றாலும் விலக்கில்லை. தமிழ் எழுத்தை அதோடு சேர்த்து அச்சிடுங்கள், அழகாக இருக்கும். அமெரிக்காவுக்கு உணவு அனுப்ப, உங்கள் தயாரிப்பிடத்தை அவர்களின் உணவு மருந்து நிர்வாகத்தில் பதிந்து, அங்கே முகவர் ஒருவரை நியமித்து, ஒவ்வொரு சரக்குக்கும் முன்னறிவிப்புத் தர வேண்டும். பதிவை ஒவ்வொரு இரட்டைப்படை ஆண்டிலும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் புதுப்பிக்க வேண்டும். 800 டாலர் வரையிலான பார்சலுக்கு முன்பு இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா எடுத்துவிட்டது. ஒற்றைப் பொட்டலமாக வீட்டுக்கு வீடு அனுப்பும் கணக்கு அதோடு மாறிப்போனது. அங்கே இறக்குமதியாளர் ஒருவரைப் பிடித்து மொத்தமாக இறக்குவதே இப்போது கட்டுப்படியாகும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நெய் சேர்ந்த பலகாரம் பெரிய தொல்லை. பால்பொருளுக்கு அவர்களின் விதி கடுமை. மாவுருண்டையை மறந்துவிட்டுத் தேன்குழலைப் பாருங்கள். அதையும் வெண்ணெய் சேர்க்காமல். மரப்பெட்டியில் எதை அனுப்பினாலும் பெட்டியின் மரம் வெப்பமூட்டிப் பதப்படுத்தி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டியைச் சரக்கோடு திருப்பிவிடுவார்கள்.

எட்டாம் படி: கேமரா முன்னால்

இங்கேதான் நீங்கள் கெட்டிக்காரர், நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு குறிப்புகள் மட்டும்.

ஒன்று சட்டம். சொந்தப் பொருளைப் பற்றிப் பேசும்போது அது சொந்தப் பொருள் என்று சொல்லிவிட வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் போடலாம். மறுபடி நடந்தால் ஐம்பது லட்சம் வரை. "சர்க்கரை நோய் தீரும்" என்று கவுணி அரிசியைப் பற்றி வாய்தவறிச் சொன்னால்கூட வம்பு.

மற்றொன்று மேல்நாட்டவருக்குப் பேசும் முறை. உலகத்து இந்திய உணவகங்களில் எல்லாம் செட்டிநாடு என்ற சொல் மிளகாய்க் காரத்துக்குச் சீட்டாகிவிட்டது. நம் கோழிக்குழம்பின் தனித்தன்மை கல்பாசியிலும் அன்னாசிப்பூவிலும் மராட்டி மொக்கிலும் இருக்கிறது. காரம் அதில் ஒரு பங்குதான். அதைக் காட்டுங்கள். கல்பாசியை உள்ளங்கையில் வைத்து, காய்ந்த நிலையில் ஒரு முகர்வு, சூடான எண்ணெயில் விழுந்த பின் ஒரு முகர்வு. திரையில் வாசனை வராது. உங்கள் முகம் மாறுவது தெரியும். அளவுகளை பிரிட்டனுக்குக் கிராமிலும் அமெரிக்காவுக்குக் கப்பிலும் கொடுங்கள். உழக்கும் ஆழாக்கும் தமிழ்ப் பார்வையாளருக்கு.

மாளிகையின் முகப்பில் பட்டுடுத்தி நின்று படம் பிடிப்பதை எல்லோரும் செய்கிறார்கள். கானாடுகாத்தானில் கேமராவைப் பார்த்து இப்போது கோழிகூட நகர்வதில்லை. அதுவும் இந்த ஊருக்குத் திரை புதிதில்லை; ஏவிஎம் ஸ்டுடியோவே 1940களில் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் இருந்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனது. மாளிகையை விட்டுவிட்டு அச்சுமுறுக்கு பொரிகிற சட்டிக்குப் பக்கத்தில் கேமராவை வையுங்கள்.

ஒன்பதாம் படி: அவர்களை இங்கே வரவழைப்பதும் ஒரு தொழில்தான்

சரக்கைக் கடல் தாண்டி அனுப்பாமலே மேற்குடன் வியாபாரம் செய்யலாம். காரைக்குடியில் பங்களா விடுதி 1999இல் தொடங்கியபோது, வெள்ளைக்காரர் வாழையிலையில் சாப்பிடுவதற்காக இவ்வளவு தூரம் வருவார்களா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். வந்தார்கள். கொத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் சாரதா விலாஸ் என்ற வீட்டைப் புதுப்பித்து விடுதியாக்கியிருக்கிறார்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் ஏறின.

உங்களுக்கு விடுதி வேண்டியதில்லை. மூன்று நாள் சமையல் வகுப்பு போதும். காலையில் சந்தை, நடுப்பகலில் அம்மியும் ஆட்டுக்கல்லும், மாலையில் கொட்டான் பின்னுகிற பெண்களோடு ஒரு மணி நேரம். விடுதிகளோடு பேசி அவர்களின் விருந்தினருக்கு நடத்தினால் முதல்போட வேண்டியது தராசும் அடுப்பும்தான். இதில் மறைந்திருக்கும் ஆதாயம் ஒன்று உண்டு. உங்கள் பணியாரக் கலவையை டேனிஷ்காரர் ஒருவர் உங்கள் கண்முன்னே சுட்டுத் தின்று, இனிப்பு கூட என்றோ ஏலம் தூக்கல் என்றோ சொல்வார். ஆயிரம் பொட்டலம் அச்சடிக்கும் முன் அது தெரிவது நல்லது. வகுப்பு முடிந்து போகிறவரின் பையில் நாலு பொட்டலமும் போகும்.

மார்ச் முதல் ஜூன் வரை இதை நடத்தாதீர்கள். வெயில் நம்மையே தாங்கவிடாது. திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையங்களும் சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கின்றன. சென்னையிலிருந்து பல்லவன் ரயில் நேராகக் காரைக்குடிக்கே வருகிறது.

கடைசிப் படி: நாள்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

முதல் ஆர்டர் பெரும்பாலும் தீபாவளியை நம்பியே வரும். அக்டோபர் கடைசியில் நியூஜெர்சிக் கடையில் பொட்டலம் இருக்க வேண்டுமென்றால், தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போவதற்கும் அங்கே சுங்கம் தாண்டிக் கிடங்குக்குச் சேர்வதற்கும் இரண்டரை மாதமாவது விடுங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் சரக்கு இங்கே ஏற வேண்டும். அப்படியானால் ஜூலையில் பொரித்தாக வேண்டும், மே மாதம் லேபிள் அச்சுக்குப் போக வேண்டும், ஜனவரியில் ஆய்வகத்துக்கு மாதிரி போயிருக்க வேண்டும். ஆடி மாதத்தில் ஆச்சிமார் கோவில், கும்மாயம் என்று போய்விடுவார்கள். ஆட்களை முன்கூட்டியே பேசி வையுங்கள். காசில் பாதியை முன்பணமாக வாங்காமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், கேட்பவர் உங்கள் பரம ரசிகராகவே இருந்தாலும்.

தீபாவளிக்கு வாங்கியது பெரும்பாலும் உங்கள் முகத்தை அறிந்த தமிழ் வீடுகள். பிப்ரவரியில் விற்பனைத் தாளை எடுத்து, பண்டிகை இல்லாத அந்த மாதத்தில் மறுபடியும் வாங்கியவர்கள் யார், அதில் தமிழ்ப் பெயர் அல்லாதவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டுக்கு எந்தப் பொட்டலத்தை எத்தனை அச்சடிப்பது என்பதை அந்த எண்ணிக்கையை வைத்து முடிவுசெய்யலாம்.